தாடைக்குப் போன கால் எலும்பு

என் முகத்தைப் பற்றி யாரும் ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. என் கால்களைப் பற்றித்தான் சொல்வார்கள். தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு இருபது வருஷத்துக்கு மேலாக நான்தான் தபால்காரன். மேல்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டம் மூன்று பிரிவாக மலையில் ஏறிக் கிடக்கிறது. மோட்டார் சைக்கிள் நடுக்கணக்கோடு நின்றுவிடும். அதற்கு மேல் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையும் படிக்கட்டும்தான். மழையானாலும் பனியானாலும் பத்து மணிக்கு முன் மேல்கணக்குக் கடைசி லயத்தில் என் தலை தெரியும். தோட்ட நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த சின்னத் துரை ஒருவர் ஒருமுறை என்னோடு நடந்து பார்த்துவிட்டு, பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, "நீங்க போங்க, நான் அப்புறம் வர்றேன்" என்றார். அதை நான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காலுக்கு அடுத்தபடியாக எனக்கு இருந்தது சத்தம். விலாசத்தைத் தப்பாக எழுதுகிறவர்கள், கையெழுத்துப் போடச் சொன்னால் அரை மணி நேரம் பேனா தேடுகிறவர்கள், நாயைக் கட்டிப் போடாதவர்கள், எல்லோர் மீதும் சத்தம் போடுவேன். வீட்டில் மனைவி மீது. கை நீட்டுவதோ கெட்ட வார்த்தையோ கிடையாது, வெறும் சத்தம்தான். தேத்தண்ணியில் சீனி குறைந்தால் ஒரு சத்தம், கூடினால் ஒரு சத்தம். கொழுந்துக் கூடையைச் சுமந்து சுமந்து தோள் இறுகிப்போனவள் அவள். வாயும் அப்படித்தான், சளைக்க மாட்டாள். எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு காம்பரா, ஆறு குடும்பம். காலையில் நாங்கள் பேசுவதை வைத்து மற்ற ஐந்து காம்பராவிலும் மணி தெரிந்துகொள்வார்கள் என்று கேலி பேசுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் கீழ்த்தாடையில் இடது பக்கம் ஒரு பல் ஆடத் தொடங்கியது. வயது என்று விட்டுவிட்டேன். பிறகு பக்கத்துப் பல்லும் ஆடியது. கன்னம் மெல்லத் தடித்தது. வலி இல்லாததால் நானும் அதைக் கண்டுகொள்ளவில்லை. லயத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும், "வெத்தலைய விடுங்கன்னு சொன்னா கேக்குறீங்களா" என்றார்கள். நான் பிறந்ததிலிருந்து வெற்றிலை போடாதவன். போடுகிறவள் என் மனைவி. போடாதவனுக்கு வீங்கி, போட்டவளுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்ததில் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

பதுளையில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். பல் டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தாடை எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சவுக்கார நுரைபோல் சின்னச் சின்ன வட்டங்கள். எலும்புக்குள்ளேயே ஒரு கட்டி வளர்ந்து எலும்பை உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது. சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிட்டு, புற்று இல்லை என்று சொன்னார்கள். ஆனால் சும்மா சுரண்டி எடுத்தால் திரும்ப வரும், அந்தப் பக்கத்துத் தாடையையே எடுக்க வேண்டியிருக்கும், கண்டிக்குப் போங்கள் என்றார்கள்.

புற்று இல்லை என்பது என் காதில் ஏறவில்லை. தாடையை எடுப்பது என்பது மட்டும்தான் ஏறியது. தாடையை எடுத்த பிறகு ஒரு மனிதன் எதைக் கொண்டு பேசுவான்? எதைக் கொண்டு சாப்பிடுவான்? அன்றிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டேன். வலியால் அல்ல, பயத்தால். தபாலைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த வாசலுக்குப் போய்விடுவேன். ஒருநாள் காலையில் மனைவி கொடுத்த தேத்தண்ணியில் ஒரு மணி சீனி இல்லை. பேசாமல் குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மறுநாளும் சீனி இல்லை. பாவம், அவளுக்கும் மனம் குழம்பிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதையும் குடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்து, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"என்ன அது?" என்று கேட்டேன்.

"வேண்டுதல். வாய் நல்லாயிட்டா உங்கள நடக்க வச்சே கதிர்காமத்துக்குக் கூட்டிட்டு வர்றேன்னு முருகன்கிட்ட சொல்லியிருக்கேன்."

மற்ற நாளாக இருந்தால், நேர்ந்தது நீ, நடக்கிறது நானா என்று கூரைத் தகரம் அதிரக் கேட்டிருப்பேன். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். நடப்பது எனக்கு ஒரு பெரிய காரியம் இல்லை என்றும் தோன்றியது.

கண்டியில் எங்களைப் பார்த்த டொக்டர் என்னை விட வயதில் சின்னவர். சிங்களத்தில்தான் பேசினார். தபாலோடு நடந்து நடந்து எனக்கு அந்த மொழி வந்துவிட்டது; மனைவிக்கு நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மேசை மேல் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு தாடை இருந்தது. அது யாருடையது என்று கேட்டேன். உங்களுடையதுதான், படத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்து அப்படியே செய்தோம் என்றார். என் தாடையை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். மனைவி அதைத் தொட மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கட்டியோடு சேர்த்து இடது பக்கத் தாடையை வெட்டி எடுத்த பிறகு அந்த இடத்தை நிரப்ப மூன்று வழி இருக்கிறது என்றார் டொக்டர். ஒன்று, டைட்டேனியம் தகடு மட்டும் வைத்து மூடுவது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மென்று மென்று நாளடைவில் தகடு உடையலாம், தளரலாம், தோலைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கலாம். இரண்டாவது, இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுத்து வைப்பது. சின்ன இடைவெளிக்குத்தான் அது சரி, என்னுடையது நீளம். மூன்றாவது வழியைச் சொல்லும்போது அவர் குனிந்து தன் காற்சட்டைக்கு மேல் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"முழங்காலுக்குக் கீழ இரண்டு எலும்பு இருக்கு. வெளிப்பக்கத்துல இருக்கிற மெல்லிசு எலும்ப எடுப்போம். அதுக்கு ரத்தம் கொண்டுவர்ற குழாயோட சேர்த்து எடுப்போம். இரண்டு மூணு இடத்துல வெட்டித் தாடை மாதிரி வளைச்சுத் தகட்டுல பூட்டி, குழாயைக் கழுத்துல இருக்கிற குழாயோட தைப்போம். அப்ப அது செத்த எலும்பு இல்ல. உயிரோட இருக்கிற எலும்பு."

நான் இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

"காலா? டொக்டர்கிட்ட சொல்லுங்க, கால் வேணாம். நான் சாமிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். கையில இருந்து எடுக்கச் சொல்லுங்க. இல்லாட்டி என் கால்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க."

டொக்டருக்கு இதைச் சிங்களத்தில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உங்கள் மனைவியின் கால் சரிவராது, உங்கள் உடம்பு ஏற்றுக்கொள்ளாது என்றார். மெல்லிய எலும்பு உடம்பின் பாரத்தை அதிகம் தாங்குவதில்லை, கணுக்காலுக்குப் பக்கத்திலும் முழங்காலுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில்தான் எடுப்போம், நடக்கலாம் என்றார். நடக்கலாம் என்றால் எங்கே? ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் நடக்கலாம். மேல்கணக்குக் கடைசி லயத்துக்கு நடக்கலாமா என்று கேட்டேன். அவர் மேல்கணக்கைப் பார்த்தவர் இல்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

எனக்குத் தகட்டின் மீதுதான் ஆசை. முகத்தில் தகரம் இருந்தால் என்ன, கால் தப்பியது என்று கணக்குப் போட்டுக்கொண்டு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, நீங்கள் எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். அவர் கொஸ்லந்த பக்கம். போன வருஷம் அவருக்கும் இதே டொக்டர்தான் தாடை வைத்தாராம். நான் என் காலைப் பற்றிப் புலம்பினேன். அவர் அத்தனை பேருக்கு நடுவே சேலையை முழங்கால் வரை தூக்கினார். கெண்டைக்காலின் வெளிப்பக்கம் நீளமாக ஒரு தழும்பு, நடுவில் ஒட்டுத் தோல்.

"இதோட தான் நான் தெனமும் மலையில நிக்கிறேன். கூடையோட. கொழுந்து எடுக்கிறவ நான் பயப்படல, கடுதாசி தூக்குற நீங்க பயப்படுறீங்களே! ஆம்பளதானே நீங்க?"

அந்த அம்மாவுக்கு முகம் கொஞ்சம் ஒரு பக்கம் இழுத்திருந்தது, ஆனால் பேச்சு கணீரென்று இருந்தது. பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து எனக்குக் காட்டுவதற்காகவே கடித்து மென்றார். நான் உள்ளே போய், காலையே எடுங்கள் என்றேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது மனைவி ரயிலில் அழுதாள். வாயைக் கேட்கப் போய்க் காலைக் கொடுத்துவிட்டேனே என்றாள். வேண்டுதலை மாற்றலாமா என்று கோயில் பூசாரியிடம் கேட்டுப் பார்த்தாள். உனக்குப் பதில் இன்னொருவர் நடக்கலாம், ஆனால் உன் புருஷன் பெயரைச் சொல்லி அவரை நடத்திக் கூட்டி வருவேன் என்று சொல்லிவிட்டாயே, அதை எப்படி மாற்றுவது என்று பூசாரி கையை விரித்துவிட்டார். லயத்தில் இது பெரிய பேச்சாகிவிட்டது. முருகனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்காதா என்று ஒரு கட்சி. தெரிந்துதான் காலைக் கேட்டார் என்று இன்னொரு கட்சி.

ஒரு முழுப் பகல் அறுவை நடந்தது. கண் விழித்தபோது தொண்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், வலது காலில் கட்டு. நர்ஸ் ஒருத்தி மணிக்கு ஒருதரம் வந்து என் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பாள். காலிலிருந்து எலும்போடு கொஞ்சம் தோலையும் எடுத்து வாய்க்குள் தைத்திருந்தார்கள். அது சிவப்பாக, சூடாக இருந்தால் தையல் வேலை செய்கிறது என்று அர்த்தம். என் கால் தோல் என் வாய்க்குள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆளைப் போட்டிருந்தார்கள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் வழியில்லை.

தொண்டைக் குழாய் இருந்தவரை பேச்சு இல்லை. ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதிக் காட்டினேன். மனைவி எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஜன்னலை மூடு என்று எழுதினால், அவள் வாசித்து முடிப்பதற்குள் காற்று நின்றுவிடும். ஒருநாள் கோபத்தில் மடச்சி என்று எழுதிக் காட்டினேன். அவள் வார்ட்டு முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தாள். நர்சுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. வாசித்துவிட்டுக் கொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எழுதிக் காட்டினா திட்டுன மாதிரியே இல்லீங்க."

வீட்டுக்கு வந்த பிறகு உடம்பு தேறியது. முதலில் கஞ்சி, பிறகு குழைத்த சோறு. ஐந்தாம் மாதம் ஒருநாள் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைக்காமல், கட்டச் சம்பலோடு, வலது பக்கத்துப் பற்களால் மென்று விழுங்கினேன். அரை ரொட்டிக்கு அரை மணி நேரம். எனக்கு அன்றைக்குத் தீபாவளி. இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. வாய்க்குள் ஏதோ உறுத்துகிறது என்று கண்ணாடியில் பார்த்தால், மயிர்! கால் தோல் போன இடத்திலும் தன் புத்தியைக் காட்டிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் டொக்டர் அதைப் பிடுங்கிவிட்டு, இது வழக்கம்தான், போகப் போகக் குறையும் என்றார். லயத்தில் அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மனைவியிடம் சத்தியம் வாங்கினேன். இப்போது நானே எழுதிவிட்டேன்.

கால் நான் பயந்த அளவுக்கு மோசம் செய்யவில்லை. பெருவிரல் முன்புபோல் மடங்காது, பள்ளத்தில் இறங்கும்போது கணுக்கால் கொஞ்சம் முறைக்கும். சில மாதம் தபால் கந்தோரிலேயே உட்கார்ந்து கடிதம் பிரித்தேன். பிறகு கீழ்க்கணக்கு, பிறகு நடுக்கணக்கு. ஒரு மாசி மாதக் காலையில் மேல்கணக்குக் கடைசி லயத்துக்கு ஏறினேன். மணி பதினொன்றே கால். அந்த வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் சத்தம் மட்டும் திரும்பவில்லை. கீழுதட்டின் இடது பக்கம் மரத்துப் போயிருந்தது. சத்தமாகப் பேசினால் எச்சில் வழிவது எனக்கே தெரியாது. எதிரில் இருப்பவர் கண் கீழே போவதை வைத்துத்தான் தெரியும். ஒரு பொதுவிடத்தில் அப்படி ஆனது, அதோடு போதும் என்று மெதுவாக, கைக்குட்டையை வாயருகே வைத்துக்கொண்டு பேசப் பழகினேன். தபால்காரர் சாந்தமாகிவிட்டார், நல்ல மனுஷனாகிவிட்டார் என்று எல்லோரும் மெச்சினார்கள். மனைவி மட்டும் மெச்சவில்லை. அவள் கொடுக்கிற தேத்தண்ணியில் அடிக்கடி சீனி இருக்காது. நான் பேசாமல் எழுந்து போய் நானே போட்டுக்கொள்வேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆடி மாதம் வந்தது. வாய் நல்லாயிடுச்சு, வேண்டுதலை முடிப்போம் என்றேன். அவள், இன்னும் கொஞ்சநாள் போகட்டும் என்று இழுத்தாள். என் காலுக்காகத்தான் தயங்குகிறாள் என்று நினைத்து நான்தான் பிடிவாதம் பிடித்தேன். டொக்டரும் காலில் பட்டி கட்டிக்கொண்டு மெதுவாகப் போகலாம் என்றிருந்தார். எங்கிருந்து நடப்பது என்று முருகனிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சந்தில் நாங்கள் இரண்டு பேரும் புகுந்துகொண்டோம். பஸ்ஸில் மொனராகலைக்கு இறங்கி, அவள் தங்கை வீட்டில் ஒருநாள் தங்கி, அங்கிருந்து அடியார்களோடு சேர்ந்து நடந்தோம்.

மலைக் குளிரில் பிறந்தவனுக்கு அந்த வெயில் பெரிய சோதனை. கரும்புத் தோட்டங்களைத் தாண்டி, புத்தலயைத் தாண்டி, காட்டுப் பாதையில் மெல்ல மெல்ல நடந்தோம். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு காலத்தில் சின்னத் துரையைக் கல்லில் உட்கார வைத்தவன் நான். இப்போது கல்லைக் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தேன். வருத்தமாக இல்லை. வலது கால் கொஞ்சம் வீங்கியது, ஆனால் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. அதில் ஒரு துண்டு என் முகத்தில் இருந்துகொண்டு நடக்காமலே கதிர்காமம் போகிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

நான்காம் நாள் காலை மாணிக்க கங்கைக் கரையில் போய் நின்றோம். குளித்தோம். மூன்று கல்லைக் கூட்டி அவள் தேத்தண்ணி வைத்தாள். நாலு நாள் நடந்த களைப்பு, வெயில், கால் விண்விண் என்று தெறிக்கிறது, அந்த ஒரு கோப்பைக்காகத்தான் என் உடம்பு முழுக்கக் காத்திருந்தது. வாங்கி ஒரு வாய் குடித்தேன். சீனி இல்லை.

"ஏய்! சீனி எங்க? வேண்டுதல் வச்சது நீ, நாலு நாளா நடந்தது நான், ஒரு வாய் தேத்தண்ணிக்குச் சீனி போடக்கூட உனக்குக் கை வரலையா? மடச்சி! மடச்சி!"

கரையில் துணி பிழிந்துகொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். தண்ணீரில் நின்ற சாமியார் ஒருவர் முங்காமல் பார்த்தார். எச்சில் தாடையில் வழிந்தது. நான் துடைக்கவில்லை, துடைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. என் மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள்.

"வாங்க, இப்ப போய்ப் போடலாம்."

"என்னத்த இப்ப? இவ்வளவு நாளா வாய் நல்லாகித்தானே இருக்கு?"

"வாய் நல்லாகணும்னு நான் வேண்டலீங்க. அப்படிச் சொன்னா நீங்க பயப்பட மாட்டீங்கன்னு உங்ககிட்ட சொன்னேன். படம் எடுத்த நாள்ல இருந்து நீங்க வாயே தொறக்கல. சீனி போடாம குடுத்தாலும் பேசாம குடிச்சிட்டுப் போனீங்க. அந்த மனுஷன் எனக்கு வேணாம், சத்தம் போடுற மனுஷன திருப்பிக் குடுன்னுதான் முருகன்கிட்ட கேட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். எத்தனை நாள் காலையில் அந்தச் சீனியில்லாத தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். நான் அவள் மனம் குழம்பியது என்று நினைத்தேன்.

கோயிலுக்குப் போய் அவள் துணியை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டாள். ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்து மறுபடியும் அடுப்பை ஊதினாள். அந்தத் தேத்தண்ணியில் சீனி அள்ளிப் போட்டிருந்தாள், பாகு மாதிரி இருந்தது. அதையும் சத்தமாகச் சொன்னேன்.